முற்பகல்: ஒரு வேளைப்பெயரின் வரலாறு

இலங்கையில் அரசாங்க அறிவித்தல் ஒன்றையோ திருமண அழைப்பிதழ் ஒன்றையோ கையில் எடுப்போர், அதில் ‘மு.ப.’, ‘பி.ப.’ என்னும் சுருக்கெழுத்துக்களைக் காணாதிருத்தல் அரிது. முற்பகல், பிற்பகல் என்னும் சொற்களின் குறுக்கங்கள் இவை. ஆயினும் வாய்ப்பேச்சில் இச்சொற்களுக்கு இடம் மிகக் குறைவு. பத்தரை மணிக்கு ஒருவரைச் சந்தையிற் கண்ட யாழ்ப்பாணத்தார் ‘காலமை கண்டனான்’ என்பாரேயன்றி, ‘முற்பகலிற் கண்டேன்’ என்னார். எழுத்திலே நாள்தோறும் வாழ்ந்து, பேச்சிலே பழமைப்பட்டுப் போன சொற்களுள் முற்பகலும் ஒன்று.

ஆங்கிலத்திலும் இதற்கு நேரான சொல்லொன்றுண்டு. ‘போர்நூன்’ என்பது அது. ‘போர்’ என்பது முன் எனவும், ‘நூன்’ என்பது நண்பகல் எனவும் பொருள்படும். காலை முதிர்ந்து உச்சியை எட்டும் வரையுள்ள பொழுதை அது குறித்தது. இன்று ஆங்கிலம் பேசுவோரிற் பெரும்பாலோர் அதனைப் பாட்டன்மார் காலத்துச் சொல்லாகவே கருதுவர். ஆனால் அச்சொல்லைப் பிளந்து பார்த்தால் உள்ளே ஒரு வியப்பு இருக்கின்றது. நண்பகல் 12 மணியைக் குறிக்கும் ‘நூன்’ என்ற சொல்லின் மூலப்பொருள் ‘ஒன்பது’ என்பதாகும்.

ஒன்பது எவ்வாறு பன்னிரண்டாயிற்று என்பதை அறிய, உரோமாபுரிக்குச் செல்லல் வேண்டும். உரோமர் பகற்பொழுதை, அது நீண்டதாயினும் குறுகியதாயினும், சூரியோதயம் முதல் அத்தமனம் வரை 12 கூறுகளாகவே பிரித்தனர். ஆகவே அவர்களுடைய ஒரு மணி கோடையில் ஏறத்தாழ 75 நிமிடமாகவும் மாரியில் ஏறத்தாழ 45 நிமிடமாகவும் விரிந்து சுருங்கிற்று. ஆறாம் மணி முடியுமிடம் உச்சி. ஒன்பதாம் மணி முடியுமிடம் இக்காலக் கணக்கில் ஏறத்தாழப் பிற்பகல் 3 மணி. கிறித்தவ நேயர்கள் இதனை நன்கறிவர். இயேசுநாதர் சிலுவையில் உயிர்நீத்தது ஒன்பதாம் மணியளவில் என்று நற்செய்தி நூல்கள் கூறுவதாலன்றோ, பெரிய வெள்ளிக்கிழமை வழிபாடு பிற்பகல் 3 மணியளவில் நிகழ்கின்றது!

உச்சி என்னும் எல்லை உரோமருக்கு வெறும் பொழுதுபோக்கான அளவாக இருக்கவில்லை. கி.மு. 450 அளவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. வழக்காளிகள் இருவரும் உச்சிக்கு முன் தத்தம் வழக்கை எடுத்துரைத்தல் வேண்டும். உச்சிக்குப் பின்னும் ஒருவன் வாராதிருப்பின், வந்திருப்பவன் பக்கமே தீர்ப்பாகும். ‘அந்தே மெரிதியெம்’, ‘போஸ்ற் மெரிதியெம்’ என்னும் தொடர்கள் இவ்விதியிலேயே வருகின்றன. இன்று கடிகாரங்களில் ‘ஏ. எம்.’, ‘பி. எம்.’ எனச் சுருங்கி நிற்பவை இவையே. முற்பகல் தவறினால் காணியும் தவறும் என்ற நிலையில், உச்சி எப்பொழுது என்பதை யாராவது அறிவித்தல் வேண்டுமன்றோ? நகர மன்றின் மேடைக்கும் அயல்நாட்டுத் தூதுவர் நிற்கும் திண்ணைக்கும் இடையே சூரியன் தோன்றும்போது அரசாங்கச் சேவகன் உச்சியைக் கூவி அறிவித்தான் எனப் பிளினி என்னும் ஆசிரியர் எழுதிவைத்துள்ளார்.

அவரே சொல்லும் இன்னொரு செய்தி நகைப்புக்குரியது. கி.மு. 263 இல் உரோமப் படைத்தலைவர் ஒருவர் சிசிலித் தீவின் கற்றானியா நகரிலிருந்து சூரியக் கடிகாரம் ஒன்றைக் கொள்ளைப்பொருளாகக் கொண்டுவந்து உரோமாபுரியில் நிறுவினார். தெற்கேயுள்ள ஊருக்கென அமைத்த கடிகாரம் வடக்கேயுள்ள ஊருக்குப் பொருந்தாது. எனினும் 99 ஆண்டுகளாக உரோமர் அப்பிழையான நிழலையே பார்த்து நடந்தனர் என்பர். அதிகாரத்துடன் நிறுவப்பட்ட கடிகாரம் பிழையென்று சொல்ல எவர் துணிவர்!

உரோமப் பேரரசு வீழ்ந்த பின்னர், அதன் மணிக்கணக்கைக் காத்தவர்கள் மடங்களில் வாழ்ந்த துறவிகளே. 6ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியிலே புனித பெனடிக்ற் தம் துறவிகளுக்கு ஓர் ஒழுக்கநூல் இயற்றினார். மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி ஆகியவற்றில் மணியடித்துச் செபம் செய்தல் அவ்வொழுங்கின் பகுதி. ஒன்பதாம் மணிச் செபத்துக்கு இலத்தீன் மொழியில் ‘நோனா’ என்று பெயர். அதுவே ஆங்கிலத்தில் ‘நோன்’ ஆகிப் பின்னர் ‘நூன்’ ஆயிற்று. ஆறாம் மணிக்கு ‘செக்ஸ்தா’ என்று பெயர். ஸ்பானியர் உச்சிவெயிலில் உறங்கும் உறக்கத்துக்கு ‘சியெஸ்தா’ எனப் பெயர் வந்தது அதிலிருந்துதான். செபத்துக்குரிய பெயர் உறக்கத்துக்குச் சென்றதைப் பற்றி அந்நாட்டு மதகுருமார் என்ன நினைத்தனரோ, அறியோம்.

செபமணியோடு உணவுமணியும் பிணைந்திருந்தது. பெனடிக்ற்றின் விதிப்படி, உயிர்ப்புத் திருநாள் தொடக்கம் ஐம்பது நாள்களும் ஆறாம் மணிக்கு உணவு. அதன்பின் கோடை முழுவதும் புதன், வெள்ளி நாள்களில் ஒன்பதாம் மணிவரை நோன்பு. செப்ரெம்பர் நடுப்பகுதி தொடக்கம் தவக்காலம் வரை நாள்தோறும் ஒன்பதாம் மணிக்கே உணவு. தவக்காலத்திலோ மாலைவரை காத்திருத்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து, வயலிலும் வேலை செய்து, பிற்பகல் 3 மணிவரை ஒன்றும் உண்ணாதிருத்தல் எளிதன்று. இதனை அறிந்தே போலும், கோடைகாலத்தில் ஒன்பதாம் மணிச் செபத்தைச் சற்று முந்தி, எட்டாம் மணியின் நடுவிலேயே சொல்லலாம் என்று அவரே விதித்தார். அணையில் விழுந்த முதற் கசிவு இதுவாகும்.

அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் ‘நோனா’ மணி சிறிது சிறிதாக முன்னோக்கி நகர்ந்தது. செபத்தை முந்தி முடித்தால் உணவையும் முந்தி உண்ணலாம், விதியும் மீறப்படுவதில்லை. பசியே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பாரும், திருச்சபை வழிபாடுகளின் ஒழுங்கே மாறிற்று என்பாரும் உளர். இரண்டும் ஒன்றையொன்று தழுவியிருத்தல் கூடும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே தமது ‘கொன்விவியோ’ என்னும் உரைநூலில், ‘நோனா’ மணி ஏழாம் மணியின் தொடக்கத்தில், அதாவது உச்சியிலேயே, ஒலித்தல் முறையென எழுதினார். ஒன்பதாம் மணி என்ற பெயருடைய மணி ஏழாம் மணியின் வாயிலில் ஒலிப்பதில் அவருக்கு முரண்பாடு எதுவும் தோன்றவில்லை. இங்கிலாந்திலும் 12ஆம் நூற்றாண்டு தொடக்கம் இதே நகர்ச்சி நிகழ்ந்து, 14ஆம் நூற்றாண்டளவில் ‘நூன்’ என்றால் நண்பகலே என்பது நிலைபெற்றது. எண் மறைந்து, வேளை மட்டும் எஞ்சிற்று.

இந்த நகர்ச்சி முடிந்த பின்னரே ‘போர்நூன்’ பிறந்தது. உச்சிக்குப் பிந்திய பொழுதைக் குறிக்கும் ‘ஆஃப்டர்நூன்’ என்னும் சொல் 1300 அளவிலேயே வழங்கிற்று. அதன் தம்பியாகிய ‘போர்நூன்’ 1500ஆம் ஆண்டை அண்டியே எழுத்தில் தலைகாட்டுகின்றது. காலைக்கு வேறு பெயர் ஏற்கனவே இருந்தமையால், அதற்கு அவசரம் இருக்கவில்லை. விடியற்காலையின் பரபரப்பு அடங்கி, வேலை நடுவெய்தி, உணவுமணிக்கு இன்னும் நேரமிருக்கும் அந்த இரண்டு மூன்று மணிகளைத் தனியே பெயரிட்டழைக்கும் தேவை, பொறிக் கடிகாரங்கள் நகரந்தோறும் ஏறிய காலத்தில்தான் எழுந்தது. இங்கிலாந்தின் சோல்ஸ்பரிப் பேராலயத்தில் 1386 அளவில் செய்யப்பட்ட கடிகாரத்தை இன்றும் காணலாம். அதற்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. மணியொலி மட்டுமே அதன் வேலை. கோடை மணி, மாரி மணி என்ற வேறுபாட்டைப் பொறிக் கடிகாரம் ஒழித்தது. வேளை இனிச் செபத்துக்கன்றி எண்ணுக்கு உரியதாயிற்று.

‘போர்நூன்’ மிக உறுதியாக வேரூன்றிய இடம் கடல். ஆங்கிலேயக் கப்பல்களில் காலை 8 மணி தொடக்கம் நண்பகல் வரையுள்ள காவலுக்கு ‘போர்நூன் காவல்’ என்பது பெயர். அரை மணிக்கொரு தடவை மணியடித்து, எட்டாம் அடியில் உச்சி வரும். உச்சியிலே சூரியனின் உயரத்தை அளந்தே கப்பல் எந்த அகலக்கோட்டில் நிற்கின்றது என்பதை மாலுமிகள் கணித்தனர். ஆதலின் கடலோடிகளின் நாளே உச்சியில் தொடங்கி உச்சியில் முடிந்தது. பிரித்தானிய அரச கடற்படை இவ்வழக்கைக் கைவிட்டது 1805 இல். அதுவரை, தரையில் வாழ்வோருக்கு நாளின் முற்பாதியாகிய முற்பகல், கப்பலின் குறிப்பேட்டில் நாளின் இறுதிப் பாதியாக இருந்தது. ஒரே பொழுது, ஒருவருக்குத் தொடக்கம், ஒருவருக்கு முடிவு.

கரையில் அச்சொல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. காலை என்ற சொல் உச்சிவரை நீண்டு அதன் இடத்தை விழுங்கிவிட்டது. ஜேர்மன் மொழியிலும் சுவீடன் மொழியிலும் இதே அமைப்புடைய சொற்கள் இன்றும் அன்றாட வழக்கில் இருக்க, ஆங்கிலத்திலே அது ஸ்கொத்லாந்து, அயர்லாந்து முதலிய இடங்களிலும் சட்ட எழுத்திலுமே ஒதுங்கிற்று. இந்தியாவில் அரசாங்க அலுவலர் பதவியேற்ற வேளையைப் பதியும்போதும் பரீட்சை அட்டவணைகளிலும் ‘எவ். என்.’, ‘ஏ. என்.’ என இன்றும் எழுதுவர். பேசுவோர் மறந்த சொல்லைக் கோப்புகள் மறவா.

மேனாட்டுத் துறவிகள் உச்சிவரை உண்ணாது காத்திருந்தனர் என்றால், இலங்கையின் பௌத்த பிக்குகளோ உச்சிக்கு முன் உண்டு முடித்தல் வேண்டும். உச்சி கடந்தால் மறுநாள் விடியும் வரை உணவில்லை. ஆகவே பாளி மொழியில் முற்பகலுக்கு ‘புரேபத்த’ என்றும், பிற்பகலுக்கு ‘பச்சாபத்த’ என்றும் பெயர்கள் அமைந்தன. ‘உணவுக்கு முன்’, ‘உணவுக்குப் பின்’ என்பதே அவற்றின் பொருள். ஒரு சமயத்தில் உச்சி உணவின் வாயில்; மற்றதில் உணவின் எல்லை. சிங்கள மொழியில் இன்று வழங்கும் ‘பெரவரு’, ‘பஸ்வரு’ என்பனவும் முன், பின் என்னும் அதே பாகுபாட்டின்மேல் நிற்பனவே.

வடமொழியாளர் பகலைப் பல வகையாகப் பிரித்தனர். பூர்வாஹ்ணம், மத்தியாஹ்னம், அபராஹ்ணம் என மூன்றாகப் பிரித்தல் ஒரு முறை. தமிழர் நாவில் வழங்கும் ‘மத்தியானம்’ இதன் நடுக்கூறு. பகலை ஐந்தாகப் பிரித்தல் மற்றொரு முறை. அதில் இரண்டாங் கூறுக்குச் ‘சங்கவம்’ என்று பெயர். பகல் 30 நாழிகை எனக் கொண்டால் ஒவ்வொரு கூறும் 6 நாழிகை. நாழிகையொன்று 24 நிமிடமாதலால், 6 மணிக்கு விடியும் நாளில் சங்கவம் காலை 8 மணி 24 நிமிடத்துக்குத் தொடங்கி 10 மணி 48 நிமிடத்தில் முடியும். இன்றைய பாடசாலைகளில் இடைவேளை மணியடிக்கும் பொழுது இதனுள் அடங்கும். சொல்லின் பொருளோ மிக அழகியது. ‘கோ’ என்றால் பசு. பசுக்கள் ஒன்றுகூடும் வேளை சங்கவம். மேயச் சென்ற பசுக்களைக் கறவைக்காக ஒன்றுசேர்க்கும் வேளையை வேதகாலத்து மக்கள் இவ்வாறழைத்தனர். கடிகாரமும் மணியும் செபமும் இல்லாத ஓரிடத்தில், பால்மடி கனத்த பசுவே வேளை காட்டிற்று. முதிர்காலைக்கு உலகம் இட்ட பெயர்களுள் இதனினும் உயிருள்ள பெயர் ஒன்றைக் காண்பது அரிது. தமிழ் அகராதிகளில் இச்சொல் இடம்பெற்றும், வழக்கில் வாராமற் போனது இழப்பே.

தமிழின் நிலை யாது? அகப்பொருள் இலக்கணம் கூறும் சிறுபொழுது ஆறனுள் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்பன உள. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி. இக்கணக்கின்படி காலை 10 மணியோடு முடிகின்றது, நண்பகல் தொடங்கிவிடுகின்றது. ஆகவே சிறுபொழுதுப் பட்டியலில் முற்பகலுக்கு இடமில்லை. எனினும் சொல் புதியதன்று. திருக்குறளில் இன்னாசெய்யாமை அதிகாரத்திலே முற்பகலும் பிற்பகலும் ஒரே குறளில் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு பகலின் முற்கூறு, பிற்கூறு எனப் பரிமேலழகர் அவற்றுக்குப் பொருள் உரைத்தார். செய்த தீமை நெடுங்காலஞ் சென்றன்றி, அன்றைப் பொழுது சாயுமுன்னரே திரும்பும் என்னும் விரைவை உணர்த்தவே வள்ளுவர் இவ்விரு சொற்களையும் எடுத்தார். ஆக, இங்கே முற்பகல் என்பது வினை செய்யும் வேளை. பிற்பகல் விளைவு வரும் வேளை.

‘பகல்’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. ‘பகு’ என்பது அதன் அடி. பகுத்தல், பங்கு, பாதி, நடு என்னும் பொருள்களெல்லாம் இதனைச் சூழ்ந்துள்ளன. நுகத்தடியின் நட்டநடுவில் அடிக்கும் ஆணிக்குப் ‘பகலாணி’ என்று பெயர். இரு மாடுகளுக்கும் சுமை ஒப்ப நிற்பது அவ்வாணியால். பட்டினப்பாலையிலே வணிகரின் நடுவுநிலைமைக்கு இவ்வாணியே உவமையாயிற்று. நாளைப் பகுப்பதாலோ, இரவுக்கு மறுபாதியாவதாலோ, ஒளியுள்ள பொழுது பகல் எனப்பட்டது. ‘நள்’ என்பதும் நடுவையே குறிக்கும். பகலின் நடு நண்பகல். இரவின் நடு நள்ளிரவு.

20ஆம் நூற்றாண்டில் அரசாங்கக் கருமங்கள் தமிழிலும் நடைபெறத் தொடங்கியபோது, ‘ஏ. எம்.’, ‘பி. எம்.’ என்பவற்றுக்கு நிகர் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலே காலை, மாலை என்பவற்றால் பெரும்பாலும் நிறைவு கொண்டனர். இலங்கையிலே மு.ப., பி.ப. என்பன நிலைபெற்றன. செறிவான தெரிவுதான், ஐயமில்லை. ஆனால் உரோமரின் தொடருக்கு ‘உச்சிக்கு முன்’ என்று பொருள். நள்ளிரவு கடந்த 1 மணியும் அடுத்த உச்சிக்கு முன்னுள்ளதே. முற்பகலோ பகலின் முற்கூறு. பகலே இல்லாத வேளையில் முற்பகல் எங்ஙனம் வரும்? ஆயினும் ‘மு.ப. 1 மணி’ என அச்சிடுகின்றனர். இருளில் ஆந்தை அலறும் யாமம், எழுத்தின் வலிமையால் முற்பகலாகிவிடுகின்றது. பகலுக்கு நடு என்ற பழம்பொருள் உண்டாதலின், நடுவுக்கு முன் என்று கொண்டு இதனைக் காக்கலாமே என இலக்கணம் வல்லார் வாதிடக்கூடும். நுட்பமான வாதந்தான். பேருந்தை எதிர்பார்த்து நிற்கும் பயணிக்கு அது உதவாது. ‘5ஆம் திகதி மு.ப. 1 மணி’ என்பதை வாசித்து, 5ஆம் திகதி பகல் முழுவதும் ஆயத்தஞ் செய்து, அன்றிரவு நிலையத்துக்கு வருபவருக்கு, வண்டி முந்திய இரவே போய்விட்டிருக்கும். வானொலியிலே ‘4ஆம் திகதி நள்ளிரவு கடந்து 1 மணி’ என விரித்துச் சொல்வது சில நொடிகளை மிகையாகக் கொள்ளினும், கேட்போருக்கு ஓர் இரவை மிச்சமாக்கும்.

உச்சி நகர்ந்தது ஐரோப்பாவில் மட்டுமன்று. இலங்கையின் கடிகாரங்கள் 1906 தொடக்கம் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டதாக அமைக்கப்பட்டன. அக்கணக்கிற் கொழும்பில் சூரியன் உச்சியடைவது சராசரியாக 12 மணி 11 நிமிடத்தளவில். உலகப்போர்க் காலத்தில், 1942 தொடக்கம் 1945 வரை, கடிகாரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. 1996 மே மாதத்தில், மின்சாரத் தட்டுப்பாட்டைத் தணிக்கவென ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரம் மீண்டது. அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் உச்சி ஏறத்தாழ 12 மணி 41 நிமிடத்திலும், அதன் முதல் ஐந்து மாதங்களில் 1 மணி 11 நிமிடத்திலும் நிகழ்ந்தது. ‘பி.ப. 12.30’ எனக் கடிகாரம் சொன்னபோது சூரியன் இன்னும் முற்பகலில் நின்றான். பெனடிக்ற்றின் துறவிகள் பல நூற்றாண்டுகளில் மெல்ல நகர்த்தியதை, இங்கே ஓர் அரசாங்க ஆணை ஓர் இரவில் நகர்த்திற்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரோ ‘வெயில் ஏறமுன்’ இறைத்து முடிப்பதையே கணக்காகக் கொண்டனர்; வெயில் ஆணைக்கு அமையவில்லை.

பஞ்சாங்கமும் அமையவில்லை. அதன் நாழிகை சூரியோதயத்திலிருந்து எண்ணப்படுவது; அதன் நாளும் சூரியோதயத்திலேயே பிறப்பது. திங்கட்கிழமை இரவு கழிந்து 1 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு வைத்தியசாலையார் ‘செவ்வாய், மு.ப. 1.00’ என எழுதிக் கொடுப்பர். அச்சீட்டை வாங்கிப் பார்க்கும் சோதிடர் நாழிகைக்கு மாற்றிக் கணித்து, சாதகத்தில் ‘திங்கட்கிழமை’ என்று எழுதுவார்.